கண்புரை ஆபரேஷன்: வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை நீக்கி, கேள்வி வாரியாகப் பிரித்திருக்கிறோம்.)

சர்க்கரை நோய் எபிசோடின் கடைசியில், "கண் சம்பந்தமா ஏதாவது கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க"ன்னு சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான், கண்புரை. அனுப்பினவங்க பெரும்பாலும் என் வயசு ஆட்கள், இருபதுகளின் கடைசியில், முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கிறவங்க. ஆனா கேள்வி அவங்களுக்காக இல்லை. அப்பாவுக்காக, அம்மாவுக்காக, ஊரில் தனியா இருக்கிற பாட்டிக்காக. "டாக்டர் ஆபரேஷன் சொல்லிட்டார், அவங்க பயப்படறாங்க, என்ன சொல்லிப் புரிய வைக்கிறது?" இதுதான் எல்லா மெசேஜுக்கும் அடியில் இருந்த கேள்வி.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் எழுதறவன். அதனால உங்க அப்பாவுக்கு இன்னைக்கு ஆபரேஷன் தேவையான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அந்தக் கண்ணுக்குள்ள என்ன நடக்குது, டாக்டர் ஏன் அப்படிச் சொல்றார், நாம திருப்பி என்ன கேட்கணும்கிறதை விளக்க முடியும். ஒவ்வொரு கேள்வியா போகலாம்.

கண்புரைன்னா கண் மேல வளர்ற தோலா?

இல்லீங்க. நிறைய பேர் இதைக் கண்ணின் மேல் படர்கிற சவ்வுன்னு நினைக்கிறாங்க. மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல ஏறி வர்ற சதை வளர்ச்சி ஒண்ணு உண்டு, அது வேற விஷயம்.

நம்ம கருவிழியின் நடுவில் கறுப்பா ஒரு வட்டம் தெரியுது இல்லையா, பாப்பான்னு சொல்வோமே, அது உண்மையில் ஒரு ஓட்டை. அதுக்குப் பின்னாடி, ஒரு சட்டை பட்டன் அளவில் ஒரு லென்ஸ் இருக்கு. பிறக்கும்போது கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். தண்ணீரும் புரதமும்தான் அதில் பெரும் பகுதி. அந்தப் புரதங்கள் ஒழுங்கா அடுக்கி வெச்ச மாதிரி இருக்கிறதாலதான் ஒளி தடையில்லாம உள்ளே போகுது.

அந்த லென்ஸுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. அதன் நடுவில் இருக்கிற புரதத்தை உடம்பு புதுப்பிக்கிறதும் இல்லை. நீங்க பிறக்கும்போது இருந்த அதே சரக்குதான் எழுபது வயசிலயும் அங்கே இருக்கு. வருஷக்கணக்கில் வெயில், சர்க்கரை, புகை, வயசு எல்லாம் சேர்ந்து அந்தப் புரதங்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாக்குது. லென்ஸ் மங்கி, மஞ்சளாகி, பழுப்பாகுது. அதுதான் புரை.

வயசு முக்கியக் காரணம். சர்க்கரை நோய் இருந்தா சீக்கிரம் வரலாம். கண்ணில் அடிபட்டா சின்ன வயசிலேயே வரலாம். ஸ்டீராய்டு மருந்தை, மாத்திரையாகவோ சொட்டாகவோ, நீண்ட நாள் எடுத்தாலும் வரும். கண் சிவந்தா மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுற சொட்டு மருந்துகள் சிலதில் ஸ்டீராய்டு இருக்கு. அதை மாசக்கணக்கில் தானா போட்டுக்கிட்டே இருக்கிறது ஆபத்து.

சொட்டு மருந்து போட்டுக் கரைக்க முடியாதா?

முட்டையின் வெள்ளைக்கரு பச்சையா இருக்கும்போது தெளிவா இருக்கும். வெந்ததும் வெள்ளையாகிடும். வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையா ஆக்க முடியுமா? கிட்டத்தட்ட அதே கதைதான். கட்டியான புரதத்தைக் கரைச்சு லென்ஸைப் பழையபடி தெளிவாக்கும்னு நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து இன்னைக்கு இல்லை. கண் பயிற்சி, கண்ணில் தேன் விடுறது, கேரட் ஜூஸ் எதுவும் இதைச் செய்யாது. மங்கின லென்ஸை எடுத்துட்டு வேற லென்ஸ் வைக்கிறது ஒண்ணுதான் வழி.

எங்க தாத்தா இப்போ கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். பார்வை நல்லாயிடுச்சுன்னு அர்த்தமா?

இந்தக் கேள்வியை மூணு பேர் அனுப்பியிருந்தாங்க. குடும்பமே சந்தோஷப்படற விஷயம், ஆனா பெரும்பாலும் இது புரையின் ஒரு கட்டம். லென்ஸின் நடுப்பகுதி இறுகும்போது அதன் பவர் கூடுது. அதனால கண்ணுக்குக் கிட்டப்பார்வை வந்துடுது. இருபது வருஷமா வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர் திடீர்னு அதைக் கழட்டி வெச்சுட்டுப் படிப்பார். ஆனா அதே சமயம் தூரத்தில் வர்ற பஸ் போர்டு தெரியாது. கொஞ்ச காலத்தில் படிக்கிறதும் போயிடும். அதனால வயசானவருக்குக் கிட்டப்பார்வை தானா நல்லானா, சந்தோஷப்படறதோட ஒரு கண் பரிசோதனைக்கும் கூட்டிட்டுப் போங்க.

புரை பழுத்த பிறகுதான் எடுக்கணும்னு சொல்றாங்களே?

பெரியவங்க சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி. அப்போ லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுசா வெளியே எடுப்பாங்க. பெரிய வெட்டு, தையல், பல நாள் அசையாம படுக்கை. உள்ளே வேற லென்ஸ் வைக்கிற வழக்கமும் இல்லை. ஆபரேஷன் முடிஞ்சதும் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கணும், அதில் எல்லாமே பெருசாத் தெரியும். அவ்வளவு கஷ்டம் இருக்கும்போது, பார்வை முழுசாப் போற வரைக்கும் காத்திருக்கிறது ஒரு நியாயமான கணக்கு.

அந்தக் கணக்கை மாத்தினவர் ஹரால்ட் ரிட்லி என்கிற ஆங்கிலேய டாக்டர். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள்ள, விமானத்தின் மேல்மூடி உடைஞ்ச பிளாஸ்டிக் துண்டுகள் போயிருந்தன. வழக்கமா வெளிப்பொருள் கண்ணுக்குள் போனா கண் அதை ஏத்துக்காம வீங்கும். இந்தப் பிளாஸ்டிக் மட்டும் உள்ளேயே அமைதியா இருந்ததை அவர் கவனிச்சார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் வெச்சார். கூட இருந்த பெரிய டாக்டர்கள் பலர் அதைக் கடுமையா எதிர்த்தாங்க. இன்னைக்கு உலகம் முழுக்க நடக்கிறது அவர் ஆரம்பிச்சதுதான். 1967ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் கெல்மன், பல் டாக்டர் பயன்படுத்துற அல்ட்ராசவுண்டு கருவியைப் பார்த்து, அதே முறையில் புரையை உடைச்சு உறிஞ்சி எடுக்கிற வழியைக் கொண்டுவந்தார். வெட்டு சின்னதாச்சு.

இப்போ பழுக்கிற வரை காத்திருந்தா நஷ்டம் நமக்குத்தான். இறுகின புரையை உடைக்க அதிக சக்தி வேணும், அதனால கருவிழிக்கு அதிக பாதிப்பு, தேற அதிக நாள். புரை ரொம்ப அடர்த்தியானா டாக்டரால பின்னாடி இருக்கிற விழித்திரையைப் பார்க்க முடியாது, அங்கே சர்க்கரையால பாதிப்பு இருக்கான்னு தெரியாமலே போகலாம். எல்லாத்தையும் விட மோசமானது இது: முத்தின புரை சில சமயம் உப்பிப் பெருசாகி, கண்ணுக்குள் நீர் ஓடுற வழியை அடைச்சிடும். கண் அழுத்தம் எகிறி, கண் சிவந்து, தலைவலி, வாந்தி வரும். அந்த அழுத்தம் பார்வை நரம்பைக் கெடுத்துட்டா, பிறகு புரையை எடுத்தாலும் போன பார்வை திரும்பாது. புரையால வர்ற பார்வையிழப்பைச் சரி பண்ணலாம். நரம்பு கெட்டுப் போற பார்வையிழப்பைச் சரி பண்ண முடியாது. காத்திருந்து காத்திருந்து முதல் வகையை இரண்டாம் வகையா மாத்திடக் கூடாது.

அப்போ புரைன்னு சொன்ன உடனே செய்யணுமா?

அதுவும் தேவையில்லை. பெரும்பாலான புரைகள் அவசரம் இல்லை. டாக்டர்கள் பார்க்கிற முக்கியமான அளவுகோல், அவங்க அன்றாட வாழ்க்கை தடைபடுதா என்பதுதான். வீட்டில் இதைக் கவனிங்க. எதிரே வர்ற வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசி சாலையைக் கடக்கத் தயங்கறாங்களா? படியில் இறங்கும்போது கடைசிப் படியைக் காலால தடவிப் பார்க்கறாங்களா? மாத்திரை அட்டையில் பேர் படிக்க முடியாம நிறத்தை வெச்சு எடுத்துக்கறாங்களா? அரிசியில் கல் பொறுக்கிறதை விட்டுட்டாங்களா? பல பெரியவங்க "எனக்குக் கண்ணு தெரியலை"ன்னு சொல்ல மாட்டாங்க. வேலைகளை ஒவ்வொண்ணா விட்டுட்டு உட்கார்ந்துடுவாங்க. நாம அதை வயசுக்கு வர்ற சோர்வுன்னு நினைச்சிடுவோம். பார்வை மங்கி ஒரு தடவை விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா, அது கண் ஆபரேஷனை விடப் பெரிய ஆபரேஷன்.

வயசு தொண்ணூறைத் தாண்டிட்டாலே ஆபரேஷன் கூடாது என்பதும் இல்லை. பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாம செய்யறதால, உடம்பு தாங்குற அளவில் இருந்தா செய்யறாங்க.

ஆபரேஷன் நேரத்தில் என்ன நடக்கும்? வலிக்குமா? லேசரா?

முழிச்சுக்கிட்டுதான் இருப்பாங்க. மரத்துப்போற சொட்டு மருந்து விடுவாங்க, இல்லைன்னா கண்ணைச் சுத்தி ஒரு ஊசி. ஊசி போடுற அந்த நிமிஷம் கொஞ்சம் வலிக்கும். பிறகு அழுத்தம் மாதிரி உணர்வு இருக்குமே தவிர வலி பெருசா இருக்காது. "நான் கண் சிமிட்டிட்டா என்ன ஆகும்?" என்பது எல்லோருடைய பயம். இமையை விலக்கிப் பிடிக்க ஒரு சின்ன கிளிப் இருக்கும், சிமிட்டவே முடியாது. கத்தி வர்றது தெரியுமான்னு கேட்கறாங்க. தெரியாது. பலமான வெளிச்சமும், அதில் அலையற நிறங்களும்தான் தெரியும்.

நோயாளி செய்ய வேண்டியது ஒண்ணுதான்: தலையை ஆட்டாம படுத்திருக்கணும். இருமலோ தும்மலோ வந்தா முதலில் வாயால சொல்லணும், டாக்டர் கருவியை வெளியே எடுத்துப்பார். நாள்பட்ட இருமல், மல்லாந்து படுத்தா மூச்சுத் திணறல், சரியாக் காது கேட்காதது, இதெல்லாம் இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க.

வழக்கமா பத்து முதல் இருபது நிமிஷம். பாக்கோ முறையில் வெட்டு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். லென்ஸைச் சுத்தி ஒரு மெல்லிய உறை இருக்கு. அதன் முன்பக்கத்தில் வட்டமா ஒரு திறப்பு செஞ்சு, உள்ளே இருக்கிற மங்கின சரக்கை அல்ட்ராசவுண்டு அதிர்வால உடைச்சு உறிஞ்சிடறாங்க. உறை மட்டும் காலிப் பை மாதிரி உள்ளேயே இருக்கும். அந்தப் பைக்குள்ள மடிச்ச புது லென்ஸைச் செலுத்தினா அது மெதுவா விரிஞ்சு உட்காரும். பல சமயம் தையலே கிடையாது.

கவனிச்சிருப்பீங்க, இதில் லேசர் எங்கேயும் வரலை. மக்கள் "லேசர் ஆபரேஷன்"னு சொல்றது பெரும்பாலும் இந்த அல்ட்ராசவுண்டு முறையைத்தான். வெட்டுறது, புரையைத் துண்டு போடுறது போன்ற சில படிகளை நிஜமாவே லேசரால செய்யற முறையும் இருக்கு, செலவு கூட. பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் நடந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளில், கடைசியில் கிடைக்கிற பார்வையில் அது வழக்கமான முறையை விட மேல்னு வரலை. அதனால "லேசர் வைக்க முடியலையே"ன்னு யாரும் குற்ற உணர்ச்சி படவேண்டாம்.

இன்னொரு முறையில் 6 மில்லிமீட்டர் அளவில் சுரங்கம் மாதிரி வெட்டி, புரையை உடைக்காம முழுசா எடுப்பாங்க. கையால செய்யறதுன்னு கேட்டதும் சிலர் மட்டம்னு நினைக்கறாங்க. அப்படி இல்லை. நம்ம நாட்டில் லட்சக்கணக்கானவங்களுக்குப் பார்வை கொடுத்த முறை அது. ரொம்ப இறுகின புரைக்கு அனுபவமுள்ள டாக்டர்கள் அதையே தேர்ந்தெடுக்கறதும் உண்டு.

லென்ஸின் பவரை எப்படிக் கண்டுபிடிக்கறாங்க?

இது எனக்குப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் பொறுத்துக்குங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு மெஷினில் தாடையை வெச்சு அளவெடுப்பாங்களே, அங்கே முக்கியமா ரெண்டு எண் எடுக்கறாங்க. ஒண்ணு, கண்ணின் நீளம், முன்னாடியிருந்து பின்னாடி வரை. இன்னொண்ணு, கருவிழியின் வளைவு எவ்வளவு பவர் தருது என்பது. 1980ல் வந்த ஒரு பழைய ஃபார்முலா ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு லென்ஸ் மாடலுக்கும் ஒரு நிலையான எண் உண்டு. அதிலிருந்து, கண் நீளத்தை 2.5ஆல் பெருக்கிக் கழிக்கணும். பிறகு கருவிழி பவரை 0.9ஆல் பெருக்கிக் கழிக்கணும்.

உதாரணத்துக்கு, லென்ஸின் எண் 118.4, கண் நீளம் 23.5 மில்லிமீட்டர், கருவிழி பவர் 44. 118.4லிருந்து 58.75 போச்சு, இன்னும் 39.6 போச்சு. மீதி 20.05. அதாவது சுமார் 20 பவர் லென்ஸ். இப்போ நீளத்தை 1 மில்லிமீட்டர் தப்பா அளந்தா விடை 2.5 பவர் மாறிடும். அந்தத் தப்போட லென்ஸ் வெச்சா தடிமனான கண்ணாடி போடவேண்டி வரும். இன்னைக்கு இதை விட நுட்பமான ஃபார்முலாக்கள் இருக்கு. ஆனா உள்ளே போற அளவு தப்பா இருந்தா எந்த ஃபார்முலாவும் காப்பாத்தாது. அதனால அளவெடுக்கிற அந்த அஞ்சு நிமிஷம் சாதாரணமானதில்லை. கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க டாக்டர் சொல்ற நாட்களுக்கு முன்னாடியே அதை நிறுத்தணும்.

என் வயசு ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணாடி வேண்டாம்னு லேசிக் செஞ்சிருக்கீங்களா? அதில் கருவிழியின் வளைவையே மாத்தியிருப்பாங்க. முப்பது வருஷம் கழிச்சு உங்களுக்குப் புரை வரும்போது வழக்கமான கணக்கு தப்பாகும். லேசிக்குக்கு முன்னாடி எடுத்த ரிப்போர்ட்டை ஸ்கேன் செஞ்சு பத்திரமா வெச்சுக்குங்க. வருங்கால டாக்டர் உங்களுக்கு நன்றி சொல்வார்.

விலை வாரியா லென்ஸ் லிஸ்ட் கொடுத்தாங்க. எதை எடுக்கறது?

அதிகமா வந்த கேள்வி இது. கவுன்டரில் அட்டையைக் காட்டி "எந்தப் பேக்கேஜ் சார்?"ன்னு கேட்பாங்க. பையன் வெளிநாட்டில் இருப்பான், வாட்ஸாப்பில் போட்டோ போகும், "எது விலை கூடவோ அதைப் போடுங்க, அம்மாவுக்குத்தானே"ன்னு பதில் வரும். பாசம் புரியுது. ஆனா இங்கே விலை கூடினது எல்லோருக்கும் நல்லதுன்னு கிடையாது.

ஒரு தூரத்துக்கு மட்டும் தெளிவு தர்ற லென்ஸ், மோனோஃபோகல். பெரும்பாலும் தூரப்பார்வைக்கு வைப்பாங்க, படிக்கக் கண்ணாடி போடணும். பார்வை கூர்மையா இருக்கும், தொந்தரவு குறைவு. தையல் வேலை, நகை வேலை செய்யறவங்க, நாள் முழுக்கப் படிக்கிறவங்க, கிட்டப்பார்வைக்கே வைக்கச் சொல்லலாம். இதை டாக்டர் கேட்கலைன்னா நீங்க சொல்லுங்க.

மல்டிஃபோகல் லென்ஸ், வர்ற வெளிச்சத்தைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பிரிச்சுக் கொடுக்கும். கண்ணாடி தேவை குறையும். பதிலுக்கு, ராத்திரி விளக்கைச் சுத்தி வளையம் தெரியலாம், மங்கின வெளிச்சத்தில் கூர்மை கொஞ்சம் குறையலாம். ராத்திரி வண்டி ஓட்டறவருக்கும், விழித்திரையில் பாதிப்போ முத்தின கண் அழுத்த நோயோ இருக்கிறவருக்கும் பொதுவா பொருந்தாது.

டோரிக் லென்ஸ், கருவிழி ஒரு பக்கம் அதிகம் வளைஞ்சிருந்தா அதைச் சரிக்கட்டும். சரியான கோணத்தில் உட்காரணும், 30 டிகிரி திரும்பிட்டா பலனே இல்லை. அந்த வளைவுக் கோளாறு இல்லாதவருக்கு இதுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் மூணு கேள்வி கேளுங்க. "இவங்க விழித்திரையும் நரம்பும் நல்லா இருக்கா? இவங்க செய்யற வேலைக்கு எந்த லென்ஸ்? உங்க அம்மாவுக்கா இருந்தா எதை வைப்பீங்க?" மூணாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்க.

டாக்டரிடம் சொல்ல மறக்கக் கூடாதது என்ன?

சாப்பிடுற எல்லா மாத்திரையும். பையில் போட்டு அப்படியே எடுத்துட்டுப் போங்க. குறிப்பா ஒண்ணு: அப்பாக்கள் பலர் புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் என்கிற மாத்திரை சாப்பிடறாங்க. சிறுநீர் பிரச்சினைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லாம விட்டுடுவாங்க. அது கண் பாப்பாவை விரிக்கிற தசையையும் தளர்த்திடும். ஆபரேஷன் நடுவில் பாப்பா சுருங்கும், கருவிழித் திரை துணி மாதிரி ஆடும், சிக்கல் கூடும். 2005ல் இதை அமெரிக்க டாக்டர்கள் விவரிச்சாங்க. மாத்திரையை முன்கூட்டி நிறுத்தினாலும் விளைவு முழுசாப் போறதில்லை. ஆனா முன்னாடியே தெரிஞ்சா டாக்டர் அதுக்கான மருந்தும் கருவியும் தயாரா வெச்சுப்பார். ஒரு வரி சொல்றதில் ஒரு கண் தப்பிக்குது.

ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, இதய டாக்டரையும் கண் டாக்டரையும் கேளுங்க. சர்க்கரைக்காரங்க, அன்னைக்குக் காலையில் சாப்பிடலாமா, மாத்திரை போடலாமான்னு முதல் நாளே கேட்டு எழுதி வெச்சுக்குங்க.

ஆபரேஷன் முடிஞ்சதும் என்ன பத்தியம்?

சாப்பாட்டில் எந்தப் பத்தியமும் தேவையில்லை. கத்திரிக்காய், மீன், முட்டை, பருப்பு எதுவும் புண்ணைக் கெடுக்காது. கஞ்சி மட்டும் கொடுத்து உடம்பைத் தளர விடாதீங்க. சர்க்கரைக்காரங்களுக்கு வழக்கமான கட்டுப்பாடு போதும். மலச்சிக்கல் வராம பார்த்துக்குங்க, முக்கக் கூடாது.

டிவி பார்க்கலாம், போன் பார்க்கலாம், நடக்கலாம். கண்ணைத் தேய்க்கக் கூடாது, இதுதான் முதல் விதி. அதனாலதான் தூங்கும்போது மூடி போடச் சொல்றாங்க. கண்ணில் பச்சைத் தண்ணி படக் கூடாது, தலைக்குக் குளிக்கிறதை டாக்டர் சொல்ற நாள் வரை தள்ளிப் போடுங்க. கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். விறகடுப்புப் புகை, வயல் வேலை, குனிஞ்சு கனம் தூக்கறது, குளத்தில் முங்கறது எல்லாம் சில வாரங்களுக்கு வேண்டாம்.

சொட்டு மருந்து பொதுவா நாலு முதல் ஆறு வாரம். கை கழுவிட்டுப் போடணும், பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது, ரெண்டு மருந்துக்கு நடுவில் அஞ்சு நிமிஷம் விடணும். அதில் ஒண்ணு ஸ்டீராய்டா இருக்கும், படிப்படியாக் குறைக்கச் சொல்வாங்க. பாதியில் நிறுத்தாதீங்க, தேதி முடிஞ்ச பிறகு தொடராதீங்க. மீதியிருக்கிற பாட்டிலை வேற யார் கண் சிவந்தாலும் போடாதீங்க.

கட்டு பிரிச்சதும் சிலர் "எல்லாம் நீலமாத் தெரியுதே"ன்னு பயப்படுவாங்க. இத்தனை வருஷமா பழுப்பு லென்ஸ் வழியாப் பார்த்த கண், இப்போ நிஜமான நிறத்தைப் பார்க்குது. ஓவியர் கிளாட் மோனேவுக்கு 1923ல் இந்த ஆபரேஷன் நடந்தப்போ, அவரும் நிறங்கள் மாறிட்டதா அவஸ்தைப்பட்டார். கொஞ்ச நாளில் பழகிடும்.

எப்போ உடனே ஓடணும்?

முதல் ஒண்ணு ரெண்டு நாள் லேசான உறுத்தல், நீர் வடிதல் சகஜம். நாளுக்கு நாள் அது குறையணும். மாறா, ஆபரேஷனுக்குப் பிறகு வலி கூடுது, சிவப்பு கூடுது, நல்லாத் தெரிஞ்ச பார்வை மங்குதுன்னா, அது கண்ணுக்குள் கிருமித் தொற்றா இருக்கலாம். நல்ல மருத்துவமனைகளில் ஆயிரத்தில் ஒருத்தருக்கும் குறைவாத்தான் இது வருது. ஆனா வந்தா மணிக்கணக்கில் பார்வை போகும். "நாளைக்குத் திங்கட்கிழமை, காலையில் போகலாம்" வேண்டாம். ஞாயிறு ராத்திரியே போங்க. டிஸ்சார்ஜ் ஆகும்போதே அவசர போன் நம்பரைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டுங்க. அதேபோல திடீர்னு மின்னல் வெட்டற மாதிரி ஒளி, நிறைய கறுப்புப் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்கற மாதிரி தெரிஞ்சா, அது விழித்திரைப் பிரச்சினை, அதுவும் அவசரம்தான்.

திரும்பப் புரை வருமா?

வராது, வர்றதுக்கு அந்த லென்ஸே இல்லையே. ஆனா உள்ளே விட்டு வெச்ச உறையின் பின்பக்கம், மாதங்கள் அல்லது வருஷங்கள் கழிச்சு சிலருக்கு மங்கலாம். மறுபடி புரைன்னு நினைச்சுப் பயப்படுவாங்க. யாக் லேசரால சில நிமிஷத்தில் அதில் ஒரு வழி திறந்துடுவாங்க, வெட்டு கிடையாது. லேசர் இங்கேதான் வருது. வெச்ச லென்ஸ் ஆயுசுக்கும் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஏர்போர்ட்டில் சத்தம் வராது.

செலவுக்கு என்ன வழி?

அரசு மருத்துவமனைகளில் இலவசமா செய்யறாங்க. பார்வையிழப்பைத் தடுக்கிற தேசியத் திட்டம் 1976லேயே வந்தது. அதே வருஷம்தான் மதுரையில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், 11 படுக்கைகளோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். காசு கொடுக்கிறவங்க, கொடுக்க முடியாதவங்க ரெண்டு பேருக்கும் அங்கே ஆபரேஷன். வெளிநாட்டு லென்ஸ் விலை எட்டாத உயரத்தில் இருந்ததால, 1992ல் ஆரோலேப் மூலமா மதுரையிலேயே லென்ஸ் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. இலவச முகாமில் வைக்கிற லென்ஸும் கண்ணுக்குள் வைக்கத் தகுந்த லென்ஸ்தான், அதனால பணம் இல்லைன்னு தள்ளிப் போட வேண்டாம்.

இன்சூரன்ஸ் இருந்தா ரெண்டு வரி படிங்க: பல பாலிசிகளில் கண்புரைக்கு 2 வருஷக் காத்திருப்பும், ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான்னு தனி வரம்பும் இருக்கும். பேக்கேஜ் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி அந்த எண்ணைத் தெரிஞ்சுக்குங்க.

கடைசியா ஒரு வீட்டுப்பாடம். இந்த வாரம் வீட்டுக்குப் போனா, அம்மா அப்பாவை அவங்க வழக்கமான கண்ணாடியோட, தினசரி காலண்டரிலிருந்து பத்தடி தள்ளி உட்கார வைங்க. ஒரு கண்ணை உள்ளங்கையால மூடச் சொல்லி, தேதியையும் அதுக்குக் கீழே இருக்கிற எழுத்தையும் படிக்கச் சொல்லுங்க. அப்புறம் மற்றக் கண். ஒரு கண் நல்லா இருந்தா இன்னொண்ணு மங்கினது வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது, அவங்களுக்கே தெரியாது. ரெண்டு கண்ணுக்கும் வித்தியாசம் இருந்தா கண் டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க, நீங்களும் உள்ளே கூடப் போய் உட்காருங்க.

அடுத்த எபிசோடில் காது மெஷின் பற்றி வந்த கேள்விகளைப் பார்ப்போம்.